சுவிஸ் பயணம்: காசாகக் கொண்டு போவதா, கார்டை நம்புவதா?

ஆரையம்பதிப் பிள்ளை:
அக்காவின் மகளுக்குச் சாமத்திய வீடு. நானும் அம்மாவும் அடுத்த மாதம் சூரிச் போகிறோம், திரும்பும்போது பாரிஸில் சித்தப்பா வீட்டில் ஒரு கிழமை. என்னிடம் மட்டக்களப்பில் எடுத்த கடனட்டை ஒன்றும் சாதாரண சேமிப்புக் கணக்கு கார்டும் இருக்கின்றன, இரண்டையும் இலங்கைக்கு வெளியே பாவித்ததில்லை. அம்மா கார்ட் என்றாலே பயப்படுகிறார், எல்லாவற்றையும் தாளாக மாற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போவோம் என்கிறார். அக்காவோ ஒரு சதமும் கொண்டுவர வேண்டாம், இங்கே எல்லாம் கார்ட்தான் என்கிறா. இடையில் நான். கடனட்டையைப் போட்டு அங்கே ஏடிஎம்மில் காசு எடுக்கலாமா? இன்னொன்று, மாமா லீவில் வந்தபோது அம்மாவுக்குக் கொடுத்த 100 பிராங்க் தாள்கள் சில அலுமாரியில் கிடக்கின்றன, எந்த வருடம் கொடுத்தார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. அவை செல்லுமா?

கல்முனை கவுண்டர்:
தங்கச்சி, நான் வங்கியில் வேலை செய்கிறவன். கடனட்டையைக் கடையிலும் ரயில் டிக்கெட்டுக்கும் பாவியுங்கள், ஏடிஎம்முக்குள் மட்டும் போடாதீர்கள். கடையில் தேய்த்தால் பில் வந்து கட்டும் நாள் வரைக்கும் வட்டி இல்லை, ஆனால் ஏடிஎம்மில் எடுப்பது கடன் வாங்கின மாதிரி, எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கிவிடும், அதற்கு மேல் தனிக் கட்டணமும் உண்டு. காசு தேவையென்றால் சேமிப்புக் கணக்கு கார்டில் எடுங்கள். அதிலும் ஒவ்வொரு தடவைக்கும் வெட்டுவார்கள், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் ஒரேயடியாக எடுப்பது நல்லது. போவதற்கு முன் இரண்டு கார்டையும் வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்து தரச் சொல்லிக் கிளையில் கேளுங்கள், நாணயம் மாற்றுவதற்கு எத்தனை வீதம் கூட்டுவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், வங்கிக்கு வங்கி வித்தியாசம்.

அப்புறம் முக்கியமான விசயம். அங்கே மெசினில் கார்டைப் போட்டதும் சில இடங்களில் "இலங்கை ரூபாயில் கட்டுகிறீர்களா, பிராங்கிலா?" என்று கேட்கும். ரூபாய்க் கணக்கைப் பார்த்ததும் நம் ஆட்களுக்கு ஒரு நிம்மதி வரும், அதில்தான் மாட்டுவது. அந்த ரூபாய் விலையைப் போடுவது உங்கள் வங்கி இல்லை, மெசின்காரர் தன் லாபத்தையும் சேர்த்துப் போடுவது. கண்ணை மூடிக்கொண்டு பிராங்கை அமத்துங்கள், பாரிஸ் என்றால் யூரோவை. ஏடிஎம்மும் இதே கேள்வியைக் கேட்கும், பதிலும் இதேதான்.

பேர்ண் மாமி:
நான் களுவாஞ்சிகுடி, இங்கே வந்து கனகாலம். மகள், அந்தத் தாள்களில் ஒரு மனிதரின் முகம் பெரிதாக இருக்கிறதா பாருங்கள். முகம் இருந்தால் பழையது, 2021 ஏப்ரல் 30ஆம் திகதியோடு எடுத்துவிட்டார்கள், கடையில் வாங்கமாட்டார்கள். இப்போதைய 100இல் முகம் இல்லை, இரண்டு கைகள் தண்ணீர் ஏந்துவது போல இருக்கும். பழையது என்று எறிந்துவிடாதீர்கள், சுவிஸ் தேசிய வங்கி அதைக் கால எல்லை இல்லாமல் மாற்றித் தருகிறது, சூரிச்சிலேயே அவர்களுக்குக் கவுண்டர் இருக்கிறது. ஊரில் யாரிடமும் அரை விலைக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

அக்கா சொல்வது உண்மை, பாணுக்கும் கார்ட்தான் இங்கே. ஆனால் சாமத்திய வீட்டுக்கு வருகிறவர் என்வலப்புக்குள் கார்டையா வைப்பது? கோயில் அர்ச்சனைக்கும் தட்டில் போடவும் தாள் வேண்டும், சுப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிக்கும் சில்லறைக் குற்றி வேண்டும். யூரோ இருந்தால் பாரிஸுக்கென்று தனியாக வைத்திருங்கள். இங்கேயும் பல கடைகளில் வாங்குவார்கள், ஆனால் விலை அவர்கள் சொல்வது, மிச்சம் பிராங்கில் வரும்.

காத்தான்குடி வியாபாரி:
கார்ட் கார்ட் என்று எல்லோரும் சொல்கிறீர்கள், இரவில் கார்ட் தடைப்பட்டு நிற்கும்போது இங்கே யார் போன் எடுப்பது? உம்மாமார் சொல்வதிலும் ஞாயம் இருக்கு. நான் சரக்கெடுக்கப் போனால் இரண்டு கார்டை இரண்டு பையில் பிரித்துத்தான் வைப்பேன், இரண்டு மூன்று நாள் செலவுக்குக் காசு வேறாக. அதைவிடச் சுகமான வழி, உங்கள் அக்கா அங்கே பிராங்கைத் தரட்டும், நீங்கள் இங்கே அவரின் மாமியார் வீட்டுக்கு ரூபாயைக் கொடுத்துவிடுங்கள். கட்டணமும் இல்லை ஒன்றும் இல்லை.

கல்முனை கவுண்டர்:
காக்கா, அதை ஊரில் உண்டியல் என்பார்கள், 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தங்கச்சியை அதற்குள் இழுக்காதீர்கள். பாஸ்போட், விசா, டிக்கெட் மூன்றையும் கொண்டு வங்கிக்குப் போனால் பிரயாணத்துக்குத் தாள் மாற்றலாம், சிட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். பிராங்க் கிளையில் கையிருப்பில் இருக்காது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அம்மா முழுக்கத் தாளாகத்தான் என்று நின்றால் இதையும் சொல்லுங்கள், பிரான்சுக்குள் நுழையும்போது ஒருவர் கையில் 10,000 யூரோவோ அதற்கு மேலோ இருந்தால் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவு கொண்டுபோகமாட்டார் என்று நினைக்கிறேன்!

ஆரையம்பதிப் பிள்ளை:
தாளைப் பார்த்தேன், எல்லாவற்றிலும் முகம் இருக்கு. அம்மாவின் முகம்தான் வாடிவிட்டது, மாமி சொன்னதை வாசித்துக் காட்டிய பிறகு சரியாகிவிட்டார். கடைசியாக ஒன்று: பாரிஸ் ரயிலுக்கு ஒன்லைனில் கட்டினால் ஓடிபி எந்த நம்பருக்கு வரும்? அங்கே போய் வேறு சிம் போடப் போகிறேன்.

பேர்ண் மாமி:
வங்கியில் கொடுத்திருக்கும் இலங்கை நம்பருக்குத்தான் வரும். ரோமிங் போட்டு அந்த சிம்மைப் போனை விட்டுக் கழற்றாமல் வையுங்கள். இல்லாவிட்டால் ரயில் டிக்கெட்டை ஊரில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், முந்தி எடுத்தால் விலையும் குறைவு.