பொளியெந்திரத்தில் 'ஹோல்ட்-டவுன்': அமுக்கியா, தடுகவையா?

அன்புள்ள குழுமத்தாருக்கு, வணக்கம்.

மரவேலைச் சொற்பட்டியலில் பொளி (மரத்தில் வெட்டும் துளை), கழுந்து (அந்தத் துளையில் செருகும் முனை) இரண்டும் முடிந்துவிட்டன. உள்ளே திருகு அலகு சுழல, வெளியே நான்கு விளிம்பாலும் சீவிக்கொண்டு இறங்கும் சதுர உளிக்குக் குழலுளி என்றும், அது பூட்டிய எந்திரத்துக்குப் பொளியெந்திரம் என்றும் வைத்துக்கொண்டோம். பாக்கி நிற்பது 'ஹோல்ட்-டவுன்'. உளிக்கு இருபுறமும் இரண்டு விரல்போல நீண்டு, பொளி வெட்டும் மரச்சட்டத்தின் மேல்முகத்தை ஒட்டி நிற்கும் இரும்பு அது. பட்டறையில் 'கிளாம்பு' என்கிறார்கள். ஆனால் அதே எந்திரத்தில் சட்டத்தை முன்னாலிருந்து நெருக்கும் உறுப்புக்கும் கிளாம்பு என்றே பெயர். கற்பவர் குழம்பாமலிருக்க இரண்டுக்கும் தனிச்சொல் வேண்டும்.

என் பரிந்துரை: அமுக்கி. கருத்துச் சொல்லுங்கள்.

———

ஐயா,

> என் பரிந்துரை: அமுக்கி.

சொல் சிக்கனமாக இருக்கிறது. ஆனால் அந்த இரும்பு அமுக்குவதில்லை, அமுக்கவும் கூடாது. உளி இறங்கும்போது சட்டத்தை மேசைமேல் அழுத்துவது உளியேதான். இந்த உறுப்புக்கு வேலை வருவது உளி திரும்ப மேலேறும்போது. அறுபட்ட மரம் உளியின் நான்கு பக்கத்தையும் இறுகப் பற்றியிருக்கும், இடுக்கில் தூளும் அடைத்திருக்கும். கைப்பிடியை உயர்த்தினால் உளியோடு சட்டமும் கிளம்பி வரும். அப்படிக் கிளம்பவிடாமல் மேலே நின்று தடுப்பதுதான் இதன் வேலை.

அமுக்கி என்று பெயர் வைத்தால், புதிதாக வருபவர் அதை அழுந்த இறக்கித் திருகை முடுக்கிவிடுவார். 12 மி.மீ. உளியால் 60 மி.மீ. நீளப் பொளி வெட்டச் சட்டத்தை ஐந்தாறு முறை நகர்த்த வேண்டும். ஒவ்வொரு முறையும் தளர்த்தி, நகர்த்தி, மறுபடி முடுக்கிச் சலித்துப்போய், கடைசியில் அதை ஒரேயடியாக மேலே தூக்கி வைத்துவிடுவார்கள். பிறகு சட்டம் 2 மி.மீ. எழும்பும், அந்த நொடியில் அடியில் தூள் புகும், மறுபடி இறங்கும்போது சாய்ந்து உட்காரும். பொளியின் சுவர் செங்குத்தாக இராது. அடுத்த குத்தில் உளி வளைந்து உடையவும் கூடும்.

சரியாக வைக்கும் முறை இதுதான். சட்டத்தின்மேல் ஓர் அஞ்சலட்டையை வைத்து, இரும்பை அதன்மேல் இறக்கித் திருகை முடுக்கி, அட்டையை உருவிவிட வேண்டும். அந்தக் கனத்துக்கு விட்ட இடைவெளியில் சட்டம் கையால் நகரும், மேலெழ இடம் இராது. அமுக்கி என்ற சொல்லில் இந்தச் செய்தி தலைகீழாகிவிடுகிறது. தடு என்ற வினை பெயருக்குள் வர வேண்டும் என்பது என் எண்ணம்.

———

வணக்கம்.

தடுக்கிறது என்பது சரி. உருவத்தையும் சேர்த்தால் சொல்லைக் கேட்டதும் உறுப்பைக் கை காட்டிவிடலாம். துணிக்கொடியைத் தூக்கி நிறுத்தும் கவைக்கம்பை எல்லோரும் அறிவோம். யாழ்ப்பாணத்துப் பக்கம் கவர்த்தடி என்போம். இரண்டாகப் பிரிந்து நிற்பது கவை. ஆகவே தடுகவை.

உருவத்தை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இரண்டு விரலும் ஒரே மட்டத்தில் சட்டத்தின்மேல் இருந்தால்தான் தடுப்பு சமமாக இருக்கும். கதவுச்சட்டத்தின் முனையை ஒட்டிப் பொளி வந்தால் ஒரு விரலுக்குக் கீழே மரம் இராது. உளி ஏறும்போது அந்தப் பக்கம் மட்டும் தூக்கிச் சட்டம் சரியும். சட்டத்தை அளவுக்கு முன்கூட்டியே அறுத்துவிடுவதால் வரும் வினை அது. முனையில் 25 மி.மீ. மரம் கூடுதலாக விட்டு, பொளி வெட்டிக் கழுந்து பொருத்திய பிறகு அறுத்தெடுத்தால் இரண்டு விரலுக்கும் இடம் கிடைக்கும், முனை பிளப்பதும் குறையும். கவை என்ற சொல் இருந்தால் 'இரண்டு விரலுக்கும் கீழே மரம் இருக்கிறதா' என்ற கேள்வி தானே வரும்.

———

ஐயா, அம்மா,

தடுகவைக்கு என் ஒப்புதல். ஆனால் பிடிமானத்தில் பாதியைத்தான் பேசியிருக்கிறோம். மேலே எழாமல் தடுப்பது ஒன்று, பின்பலகையை விட்டு விலகாமல் நெருக்குவது இன்னொன்று. பழுது அதிகம் வருவது இரண்டாவதில்தான். அதற்குப் பெயரே இல்லாமல் விடக்கூடாது.

'ஃபென்ஸ்' என்பதை வேலி என்று ஆக்காமல் அணை என்றே சொல்லலாம். சட்டம் அணைந்து நிற்கும் பலகை அது. அணையை நோக்கித் தள்ளிப் பிடிப்பதற்கு நெருக்கி. உருளை, திருகு, ஆப்பு எதுவானாலும் நெருக்கிதான்.

நெருக்கி இல்லாத சிறு எந்திரங்களில் இடக்கையால் தள்ளிக்கொண்டு வெட்டுகிறார்கள். ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் அரை மி.மீ. விலகினாலே பொளியின் சுவர் படிக்கட்டாகிவிடும், கழுந்து ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் ஆடும். செலவில்லாத தீர்வு: அணைக்கு எதிரே ஒரு நேரான ரீப்பரை (ஒடுக்கமான மரத்துண்டு) மேசையோடு பூட்டி, சட்டத்துக்கும் ரீப்பருக்கும் நடுவே ஒன்றுக்கொன்று எதிர்முகமாக இரண்டு ஆப்பு. ஒன்றை மெல்லத் தட்டினால் நெருக்கம், மறுமுனையில் தட்டினால் தளர்ச்சி. எந்தச் சட்டமானாலும் ஒரே முகத்தையே அணையில் வைக்க வேண்டும். அந்த முகத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டுவிடுவது நல்லது. திருப்பி வைத்தால், பொளி நடுவில் இல்லாதபட்சத்தில் இரண்டு சட்டமும் ஒரே மட்டத்தில் சேராது.

உளியின் பக்கத்தில் தூள் வெளியேறும் திறப்பான தூள்வாயும் இதோடு சேர்ந்தது. வாய் அணையைப் பார்த்து இருந்தால் தூள் அணைக்கும் சட்டத்துக்கும் நடுவே போய் அடையும். அது பொளியின் நீளவாட்டில், வெட்டி முடித்த பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். உளியின் தட்டை முகம் அணைக்கு இணையாக இருக்கிறதா என்று ஓர் இரும்புப் பட்டையை நடுவில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உளியை முடுக்க வேண்டும்.

நீளச் சட்டத்தின் தொங்கும் முனைக்குத் தாங்கி என்ற சொல் வேண்டாம். இயந்திரவியலில் பேரிங்குக்கு அது நிலைத்துவிட்டது. கட்டடவேலையில் உள்ள முட்டு போதும், 'முனைக்கு முட்டுக் கொடு' என்றால் யாருக்கும் புரியும். முட்டு மேசை மட்டத்திலேயே இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் தொங்கும் பாரம் சட்டத்தின் மறுபக்கத்தைக் கவையோடு முட்ட வைக்கும், பிறகு நகர்த்துவது கடினம்.

———

ஓர் ஐயம். கிடைமட்டமாகத் துருவும் எந்திரத்திலும் சட்டத்துக்கு மேலே ஒரு பிடி உண்டு. நெம்பினால் உருண்டு இறங்கி இறுக்கும் வகை. அங்கே மேசையே நகரும், சட்டம் அசையவே கூடாது. அதுவும் தடுகவையா?

———

இல்லை. அது உண்மையாகவே அமுக்குகிறது. முதலில் சொன்ன அமுக்கி அங்கேதான் பொருந்தும். சட்டம் நகரும் எந்திரத்தில் தடுகவை, மேசை நகரும் எந்திரத்தில் அமுக்கி. பொளியெந்திரத்திலேயே சக்கரம் சுழற்றி மேசையை நகர்த்தும் பெரிய வகையில் நெருக்கி சட்டத்தை முழுதாக இறுக்கிவிடும். தடுகவை அங்கும் உண்டு, இடைவெளி மட்டும் தேவையில்லை.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். சட்டம் அடிக்கடி கிளம்பினால் குற்றம் தடுகவையில் மட்டும் இராது. அலகின் வெட்டுமுனைக்கும் உளியின் வாய்க்கும் நடுவே ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. வரை விட்டிருக்க வேண்டும். குறைந்தால் உரசிச் சூடேறும், உளி நீலம் பாயும், தூள் ஏறாமல் அடைக்கும், உளி மரத்திலேயே சிக்கும். தேக்கில் மணற்சத்து இருப்பதால் விளிம்பு சீக்கிரம் மழுங்கும், மழுங்கிய உளி அறுக்காமல் நசுக்கிக்கொண்டு இறங்கும். ஒரே மூச்சில் முழு ஆழம் போகாமல் 10 மி.மீ. இறக்கி, ஏற்றித் தூளைக் கழித்து, மறுபடி இறக்கினால் தடுகவைக்குப் பாதி வேலைதான். பொளியின் இரு முனைகளை முதலில் வெட்டி, நடுவில் உளியகலத்துக்குச் சற்றுக் குறைவாக மரம் விட்டுவிட்டுக் குத்தி, மிச்சத்தைக் கடைசியில் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மரம் இருந்தால் உளி வெற்றிடம் பார்த்துச் சாயும்.

———

அனைவருக்கும் நன்றி. அமுக்கியை அதன் இடத்துக்கு அனுப்பிவிட்டேன். பட்டியலில் ஏறுவது இப்படி:

தடுகவை: பொளியெந்திரத்தில் குழலுளி மேலேறும்போது சட்டம் உடன் எழாமல் தடுக்கும் இருவிரல் இரும்பு. சட்டத்தை அழுத்தாது.

நெருக்கி: சட்டத்தை அணையோடு ஒட்டி நிறுத்தும் உறுப்பு.

அணை: சட்டத்தின் குறியிட்ட முகம் படியும் பின்பலகை.

அமுக்கி: மேசை நகரும் துருவு எந்திரத்தில் சட்டத்தை மேலிருந்து இறுக்கும் பிடி.

'அழுத்தாது' என்பதை விளக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அச்சுக்குப் போகும்போது இடம் போதவில்லை என்று அதை யாரும் வெட்டிவிட வேண்டாம்.