ரைன் ஆத்தோட ரெண்டு கரையும் சேர்ந்து ஒரு புராஜெக்ட்: இன்டர்ரெக் பணத்துக்கு எப்படி அப்ளை பண்றது?

வித்யா_வைல்

வணக்கம் மக்களே. நான் இருக்கறது ஜெர்மனில வைல் ஆம் ரைன். எங்க ஊர்ல இருந்து நடைபாலத்துல ரைனைத் தாண்டினா பிரான்ஸ், 8ம் நம்பர் டிராம் ஏறினா சுவிஸ்ல பாசல். இங்க பதிவு பண்ணின ஒரு சின்ன சங்கத்துல இருக்கேன், ஸ்கூல் பசங்களை ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போய் கல்லைப் புரட்டி அடியில என்னென்ன பூச்சி இருக்குன்னு பார்த்து அதை வச்சு தண்ணி எப்படி இருக்குன்னு கண்டுபிடிக்கச் சொல்லித் தர்றோம். அந்தக் கரையில ஒரு பிரெஞ்சு சங்கமும் கிட்டத்தட்ட இதே வேலையத்தான் செய்யுது, இத்தனை நாளா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கோம், பாசல்ல ஒரு ஸ்கூலும் ஆர்வமா இருக்கு. மூணு பக்கமும் ஒரே முறையில அளந்து ஒரே இடத்துல பதிவு பண்ணணும்னு ரொம்ப ஆசை.

இதுக்கு ஐரோப்பிய யூனியனோட இன்டர்ரெக் பணம், அதாவது எல்லை தாண்டி சேர்ந்து செய்யற வேலைக்குத் தர்ற நிதி, கிடைக்கும்னு நகராட்சில சொன்னாங்க. வெப்சைட்டைத் திறந்தா லீட் பார்ட்னர், கோ-பைனான்சிங், பிளாட் ரேட்னு போய்க்கிட்டே இருக்கு. எங்களை மாதிரி சின்ன சங்கம் அப்ளை பண்ணலாமா, சுவிஸ் ஸ்கூல் சேரலாமா, பணம் முன்னாடியே தருவாங்களா? செஞ்சு பழக்கம் இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மது_ஸ்ட்ராஸ்பூர்க்

வணக்கம் வித்யா. நான் பாண்டிச்சேரி, இப்போ ஸ்ட்ராஸ்பூர்க்ல இருக்கேன், சங்கங்களுக்கு அப்ளிகேஷன் எழுத உதவி பண்றது என் வேலையில ஒரு பகுதி. உங்க ஏரியாவுக்கு வர்றது இன்டர்ரெக் அப்பர் ரைன் புரோகிராம். அதோட நிர்வாகம் பிரான்ஸோட கிழக்குப் பகுதியான கிராண்ட் எஸ்ட் ரீஜன்கிட்ட இருக்கு, செக்ரட்டேரியட் இங்க ஸ்ட்ராஸ்பூர்க்லதான். பார்மை நிரப்ப உக்கார்றதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு பக்கத்துல ஐடியாவை எழுதி அனுப்பிப் பேசுங்க. இப்போ நடக்கறது 2021-2027 காலகட்டம், கடைசிப் பகுதிக்கு வந்துட்டோம், உங்க தலைப்புக்கு இன்னும் பணம் மிச்சம் இருக்கா, அப்ளிகேஷனுக்கு அடுத்த அழைப்பு எப்போன்னு அவங்க சொல்ற பதிலைப் பொறுத்துதான் மத்ததெல்லாம்.

சின்ன சங்கம்ங்கறது தடையே இல்ல. 2021/1059ங்கற ஐரோப்பிய சட்டத்துலயே சின்ன புராஜெக்டுக்குன்னு தனி நிதி வைக்க இடம் குடுத்திருக்காங்க, மக்கள் சந்திப்பு, ஸ்கூல், கலாச்சாரம் மாதிரி வேலைக்கு அதுதான் சரியா வரும். பெரிய புராஜெக்டா போட்டு மூணு வருஷம் ரிப்போர்ட் எழுதிக்கிட்டு இருக்கறதை விட உங்க ஐடியாவுக்கு இந்த வழிதான் பொருத்தம்னு நான் உறுதியா சொல்வேன்.

எந்த வழின்னாலும் அடிப்படை விதி ஒண்ணுதான். குறைஞ்சது ரெண்டு நாட்டுல இருந்து பார்ட்னர் வேணும். புராஜெக்டைச் சேர்ந்து உருவாக்கணும், சேர்ந்து நடத்தணும், அதுக்கு மேல ஆளையோ பணத்தையோ, முடிஞ்சா ரெண்டையுமே பகிர்ந்துக்கணும். நிறைய அப்ளிகேஷன் இங்கதான் விழுது, ஜெர்மன் சங்கம் எல்லாத்தையும் எழுதி முடிச்சிட்டு கடைசி வாரத்துல பிரெஞ்சுக்காரங்ககிட்ட கையெழுத்து மட்டும் கேட்டா படிக்கறவங்களுக்கு முதல் பக்கத்துலயே தெரிஞ்சிரும். பார்மை ஜெர்மன், பிரெஞ்சு ரெண்டுலயும் குடுக்கணும், அதனால மொழிபெயர்ப்புச் செலவை ஆரம்பத்துலயே பட்ஜெட்ல சேருங்க.

பிரெஞ்சு சங்கத்தோட பதிவுப் பேப்பரையும் இப்பவே கேட்டு வாங்கிருங்க. உங்க எதிர்க்கரையில இருக்கற அல்சாஸ்ல சங்கங்களுக்கு மத்த பிரான்ஸ்ல இருக்கற 1901 சட்டம் கிடையாது, ஜெர்மன் காலத்து 1908 உள்ளூர்ச் சட்டம்தான், ஆரம்பிக்க ஏழு பேராவது வேணும், பதிவு கோர்ட்டுல இருக்கும். பேப்பர் வர கொஞ்சம் நாளாகும்.

பாசல்_குமரன்

தங்கச்சி, நான் பாசலில இருக்கிறன், வேலையிடத்தில சுவிஸ் பக்கப் பங்காளியா இப்பிடியான திட்டங்களில இருந்திருக்கிறம். பள்ளிக்கூடம் தாராளமாச் சேரலாம், ஆனா சுவிஸ் யூனியனில இல்லாதபடியா அந்த ஐரோப்பியக் காசில ஒரு சென்ரும் இங்கால வராது. சுவிஸ் பங்காளி தன்ர பங்கை இங்கதான் தேட வேணும், ஒண்டு கூட்டாட்சி அரசின்ர புதிய பிராந்தியக் கொள்கை நிதி, மற்றது கன்ரோன், அதாவது இங்கத்தைய மாநில அரசு. கூட்டாட்சி நிதி கூடுதலாப் பொருளாதார வளர்ச்சியைப் பாக்கிறது, அதால பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர வேலையெண்டா முதல்ல கன்ரோனைக் கேளுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். இங்க ரெஜியோ பாசிலியென்சிஸ் எண்டு 1963ல தொடங்கின அமைப்பு இருக்கு, சுவிஸ் பக்க ஒருங்கிணைப்பு அவையின்ர கையில, போன் எடுத்துக் கதையுங்கோ, நல்லா விளங்கப்படுத்துவினம்.

இன்னொண்டு. 'ஏன் இதை ஒரு நாடு தனியச் செய்யேலாது' எண்ட கேள்விக்குப் பதில் எழுதிற இடத்தில நேரம் செலவழியுங்கோ. நட்புறவு, கலாச்சாரப் பரிமாற்றம் எண்டு பொதுவா எழுதினா எடுபடாது. உங்களிட்ட ஆறே இருக்கு. 1986 நவம்பர் 1ந் திகதி பாசலுக்குப் பக்கத்தில ஷ்வைட்சர்ஹாலேயில சாண்டோஸ் எண்ட இரசாயனக் கொம்பனியின்ர களஞ்சியம் எரிஞ்சது, நெருப்பணைக்க அடிச்ச தண்ணியோட பூச்சிமருந்து எல்லாம் ரைனுக்குள்ள போய் கீழ ஜேர்மனி, பிரான்ஸ் பக்கம் விலாங்கு மீன் கூட்டங் கூட்டமாச் செத்தது. எரிஞ்சது ஒரு நாட்டில, பாதிக்கப்பட்டது மற்ற நாடுகள். இண்டைக்கும் உங்கட கரைப் பிள்ளையள் ஒரு முறையிலயும் எதிர்க்கரைப் பிள்ளையள் வேற முறையிலயும் அளந்தா ரெண்டையும் வைச்சு ஒப்பிடேலாது. இதை நேராவே எழுதுங்கோ, உங்கட விண்ணப்பத்தின்ர உயிர் அதுதான்.

வித்யா_வைல்

மது, குமரன் அண்ணா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சாண்டோஸ் விஷயத்தை எங்க ஊர்ல பெரியவங்க இன்னும் பேசுவாங்க, ஆனா அப்ளிகேஷன்ல அதைக் கொண்டுவரலாம்னு தோணவே இல்ல. பணம் விஷயம்தான் இன்னும் பயமா இருக்கு. எங்க அக்கவுண்ட்ல பெருசா ஒண்ணும் கிடையாது, மெம்பர்ஷிப் பணம்தான். யாராவது கணக்கு வழி தெரிஞ்சவங்க இருக்கீங்களா?

கணக்கு_சரவணன்

சகோ, நான் ஆகன்ல இருக்கேன், எங்க பக்கத்து இன்டர்ரெக் மாஸ்-ரைன் புரோகிராம், ஆனா ஐரோப்பிய சட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். நேரா சொல்றேன், நீங்க முதல்ல செலவு பண்ணணும், அப்புறம் ரிப்போர்ட் குடுக்கணும், செலவைச் சரிபார்க்கற கன்ட்ரோலர் பார்க்கணும், அதுக்கப்புறம்தான் பணம் வரும், இதுக்கு மாசக்கணக்குல ஆகும். சில புரோகிராம்ல அட்வான்ஸ் உண்டு, கேட்டுப் பாருங்க, ஆனா அதை நம்பி இறங்காதீங்க.

முழுப் பணமும் தரமாட்டாங்க, மிச்சத்தை நீங்க போடணும், கோ-பைனான்சிங்னா அதுதான். ஐரோப்பியப் பங்கு புரோகிராம் மட்டத்துல அதிகபட்சம் 80 சதவீதம்தான், புராஜெக்டுக்கு எவ்வளவுன்னு ஒவ்வொரு புரோகிராமும் அதுக்குள்ள முடிவு பண்ணும். ஒரு பேச்சுக்கு மொத்தச் செலவு 50,000 யூரோ, பங்கு 60 சதவீதம்னு வச்சுக்கோங்க, 30,000 அவங்க தருவாங்க, 20,000 நீங்களும் பிரெஞ்சு சங்கமும் திரட்டணும், அந்த 30,000மும் பின்னாடிதான் வரும்ங்கறதால நடுவுல அதையும் நீங்களே தாங்கணும். உங்க சங்கத்தால முடியாது. அதனால நகராட்சியையோ ஒரு காலேஜையோ லீட் பார்ட்னரா இருக்கச் சொல்லுங்க, நீங்க சாதா பார்ட்னரா இருந்துக்கோங்க. பணத்தை வாங்கி மத்தவங்களுக்குப் பிரிச்சு அனுப்பறது லீட் பார்ட்னர்தான், ஏதாவது செலவு செல்லாதுன்னு ஆகி திருப்பிக் கேட்டாலும் முதல்ல அவங்ககிட்டதான் வருவாங்க, மெம்பர்ஷிப் பணத்துல ஓடற சங்கம் அந்த இடத்துல நிக்கவே கூடாது.

பிளாட் ரேட்டைப் பார்த்துப் பயப்படாதீங்க, ஒவ்வொரு பில்லா காட்டாம சதவீதக் கணக்குல எடுத்துக்கறதுதான் அது, உங்களுக்கு நல்லது. புரோகிராம் அனுமதிச்சா, சம்பளம் தவிர்த்த நேரடிச் செலவுல 20 சதவீதம் வரைக்கும் ஆள் சம்பளமா எடுத்துக்கலாம், அதாவது கருவி, பஸ், மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்த்து 40,000ன்னா 8,000 வரைக்கும் டைம்ஷீட் இல்லாம. ஆபீஸ் செலவுக்கு அந்தச் சம்பளத்துல 15 சதவீதம் வரைக்கும் தனி, கரண்ட் பில், போன் பில் எதையும் காட்ட வேண்டாம். மொத்தமா ஒரு தொகைன்னு பேசி முடிக்கிற லம்ப்சம் வழியும் உண்டு, அதுல மட்டும் கவனம் வேணும், செய்யறேன்னு எழுதினதை செஞ்சு காட்டினாதான் பணம், பாதி செஞ்சா பாதி தருவாங்கன்னு நினைக்காதீங்க. பசங்க வர்றது, மழை, ஆத்துல வெள்ளம் எல்லாத்தையும் யோசிச்சு நிச்சயமா முடியற எண்ணிக்கையை மட்டும் எழுதுங்க.

இன்னும் சிலது சட்டுனு சொல்லிடறேன். அப்ளிகேஷன் குடுக்கறதுக்கு முன்னாடியே வேலையை முடிச்சுட்டா அதுக்கு ஒரு பைசா கிடைக்காது. ஒரே பில்லை ரெண்டு நிதிக்குக் காட்டக்கூடாது. வாட் வரி பத்திக் கவலை வேண்டாம், 50 லட்சம் யூரோவுக்குக் கீழ இருக்கற புராஜெக்டுக்கு அதுவும் செலவாச் சேரும். ஐரோப்பியக் கொடி போட்ட ஏ3 சைஸ் போஸ்டர் எல்லாரும் பார்க்கற இடத்துல ஒட்டணும், இந்த விளம்பர விதியை விட்டா 2 சதவீதம் வரைக்கும் பிடிப்பாங்க. கடைசிப் பணம் வந்த வருஷம் டிசம்பர் 31ல இருந்து அஞ்சு வருஷத்துக்கு பேப்பரை வச்சிருக்கணும், பொறுப்பாளர் மாறினா பைல் காணாமப் போயிரும், அதனால எங்க வைக்கறதுன்னு இப்பவே முடிவு பண்ணிக்கோங்க.

பாசல்_குமரன்

சரவணன் சொன்ன லீட் பார்ட்னர் விசயம் நூறு வீதம் சரி. தங்கச்சி, கீப் எண்டொரு இணையத் தரவுத்தளம் இருக்கு, பழைய இன்டர்ரெக் திட்டங்கள் அதில கிடக்கு, ரைன், தண்ணி, பள்ளிக்கூடம் எண்டு தேடிப் பாருங்கோ. உங்களுடையதைப் போல ஒண்டு ஏற்கனவே நடந்திருந்தா அவையின்ர அளவுமுறையை எடுத்துக்கொண்டு அதிலயிருந்து மேல போகலாம், விண்ணப்பத்திலயும் அதைச் சொல்லலாம்.

வித்யா_வைல்

இப்பதான் தெளிவா இருக்கு. நாளைக்கே நகராட்சில லீட் பார்ட்னரா இருப்பாங்களான்னு கேக்கறேன், ஒரு பக்கக் குறிப்பை பிரெஞ்சு சங்கத்தோட உக்காந்து சேர்ந்தே எழுதி ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு அனுப்பறோம். மது, அந்தக் குறிப்பை அனுப்பறதுக்கு முன்னாடி உங்களுக்கு மெசேஜ்ல போட்டா பார்த்துச் சொல்வீங்களா? பிரெஞ்சு பக்கத்தை மட்டுமாவது.

மது_ஸ்ட்ராஸ்பூர்க்

கண்டிப்பா, அனுப்புங்க. ஜெர்மன்ல இருந்து மாத்தின பிரெஞ்சா இல்லாம அந்தச் சங்கத்து ஆளுங்களே எழுதினதா இருக்கட்டும்.