டேக் பட்டியலைத் தாண்டி வெப் டிசைனை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஆற்றங்கரை:
வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பிளஸ் ஒன் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு வெப் டிசைன் அடிப்படை சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்டேன். இருப்பது நான்கு கம்ப்யூட்டர்தான். முதல் இரண்டு வகுப்பும் போர்டில் டேக் (பக்கத்தில் எது என்ன என்று பிரவுசருக்குச் சொல்லும் குறி) எழுதிப் போட்டே போய்விட்டது, ஹெச்1 முதல் ஹெச்6 வரை தலைப்புகள், பத்தி, பட்டியல், அட்டவணை என்று வரிசையாக. பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் ஆறு பேர்தான் வந்தார்கள். அதில் ஒரு பெண், "அண்ணா, இதை வச்சு என்ன செய்யறது?" என்று கேட்டாள், எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இரண்டு நாளாக அதுதான் மனசில் ஓடுகிறது. பேசாமல் ரெடிமேட் டெம்ப்ளேட் கொடுத்து மாற்றச் சொல்லட்டுமா, இல்லை இந்த டேக் எல்லாம் அடங்கிய ஹெச்டிஎம்எல் மொழியை முழுக்க முடித்துவிட்டுத்தான் தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ் மொழிப் பக்கம் போகணுமா? சொல்லிக்கொடுத்துப் பழகியவர்கள் வழி காட்டுங்கள்.

பாத்திகட்டி:
டெம்ப்ளேட் இப்போது வேண்டாம். அதில் ஒரு இடம் உடைந்தால் ஏன் உடைந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது, அங்கேயே விட்டுவிடுவார்கள்.

அடுத்த வகுப்பில் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, அவரவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். அம்மா கடையில் என்ன கிடைக்கும், ஊருக்கு வரும் பஸ் நேரம், கோயில் கொடை எப்படி நடக்கும், எதுவானாலும் சரி. அப்புறம் பென்சிலால் இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் என்று குறிக்கட்டும். அந்தக் குறிக்குத்தான் டேக் என்று பேர் என்று சொன்னால் போதும். அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் அவள் தாளிலேயே இருக்கும்.

என்னிடம் படித்த ஒரு பையன் பஸ் நேரம் முழுவதையும் ஹெச்1-இல் போட்டிருந்தான். ஏன்டா என்றால், எழுத்து பெரிசாத் தெரியணும் சார் என்றான். எல்லாரும் செய்கிற தப்புதான், அங்கேதான் நான் நிறுத்தி விளக்குவேன். இது தலைப்பு என்று சொல்வது ஹெச்டிஎம்எல் வேலை, எவ்வளவு பெரிசு, என்ன நிறம் என்பது சிஎஸ்எஸ் வேலை. பார்வையற்றவர்கள் பலர் ஸ்கிரீன் ரீடரில் (திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) தலைப்பு தலைப்பாகத் தாவித்தான் பக்கத்தைப் படிக்கிறார்கள், எல்லாமே தலைப்பாக இருந்தால் அவர்கள் எங்கே தாவுவது? 90களில் எழுத்தின் நிறத்துக்கும் அளவுக்கும்கூட டேக் போட்டு ஹெச்டிஎம்எல் குழம்பிக் கிடந்தது. தோற்றத்தைத் தனியாகப் பிரித்து வைக்கலாம் என்று ஹோகோன் வியூம் லீ 1994-இல் முன்வைத்ததுதான் சிஎஸ்எஸ், 1996-இல் அதன் முதல் பதிப்பு தரநிலையாக வந்தது. இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏன் இரண்டு மொழி என்பது பிடிபட்டுவிடும்.

கட்டம்போட்டசட்டை:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிரவுசரில் எஃப்12 தட்டக் கற்றுக்கொடுங்கள், பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் அங்கேயே திறக்கும். ஒரு பத்திரிகை தளத்தைத் திறந்து தலைப்புச் செய்தியை மாற்றிப் பார்க்கட்டும், ரீலோட் செய்ததும் பழையபடி ஆகிவிடும். நம் திரையில் இருப்பது நமக்கு வந்த பிரதி என்பது அந்த நிமிஷமே புரியும்.

சிஎஸ்எஸ்ஸில் எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தடுக்கி விழுவது பெட்டிக் கணக்கில். பக்கத்தில் ஒவ்வொரு பகுதியும் ஒரு பெட்டிதான். ஒரு பெட்டிக்கு அகலம் 300 பிக்சல், பேடிங் (எழுத்துக்கும் ஓரத்துக்கும் நடுவே விடும் இடம்) 20, பார்டர் (ஓரக் கோடு) 1 கொடுத்துவிட்டு, திரையில் எவ்வளவு அகலம் இருக்கும் என்று கேளுங்கள். எல்லாரும் 300 என்பார்கள். எஃப்12-இல் பார்த்தால் 342 காட்டும், ஏனென்றால் பேடிங்கும் பார்டரும் இரண்டு பக்கமும் வெளியே சேர்கின்றன. சிஎஸ்எஸ்ஸில் பாக்ஸ்-சைஸிங் என்ற அமைப்பை பார்டர்-பாக்ஸ் என்று மாற்றினால் எல்லாம் 300-க்குள் அடங்கிவிடும். இதற்கு ஒரு வகுப்பு முழுக்கப் போனாலும் பரவாயில்லை, போர்டில் பெட்டி வரைந்து பிள்ளைகளையே கூட்டச் சொல்லுங்கள்.

மழைக்கால்:
தமிழில் பக்கம் செய்யப்போகிறார்கள் என்றால் முதல் நாளே யூடிஎஃப்-8 வரியை எழுத வையுங்கள், எழுத்தை எந்தக் குறிமுறையில் படிக்கணும் என்று பிரவுசருக்குச் சொல்வது அதுதான். அது விட்டுப்போய் பிரவுசர் வேறு குறிமுறையில் படித்தால், கொம்பு வைத்த ஆங்கில ஏ-யும் வட்டத்துக்குள் ஆர்-உம் வரிசையாக வந்து நிற்கும், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். 'க' மாதிரி ஒரு தமிழ் எழுத்துக்கு யூடிஎஃப்-8-இல் மூன்று பைட் (கம்ப்யூட்டர் சேமிக்கும் சிறு அலகு), முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றேதான். அதனால்தான் ஒரே குறி திரும்பத் திரும்ப வருகிறது.

பக்கத்தைத் திரை அகலத்துக்கு ஏற்பக் காட்டச் சொல்லும் வியூபோர்ட் வரியும் கட்டாயம். அது இல்லாவிட்டால் போனில் இருக்கிற பிரவுசர் பக்கத்தை 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு சுருக்கிக் காட்டும், எழுத்து கடுகு மாதிரி தெரியும். உங்கள் பிள்ளைகள் வீட்டில் போனில்தானே காட்டப்போகிறார்கள். வரி இடைவெளியையும் 1.6, 1.7 என்று தாராளமாக வையுங்கள், இல்லாவிட்டால் மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, விண்டோஸில் கோப்பின் பின்னொட்டை (பேரின் கடைசியில் புள்ளிக்கு அப்புறம் வரும் பகுதி) காட்டச் சொல்லும் அமைப்பை நான்கு கம்ப்யூட்டரிலும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். நோட்பேடில் சேமித்தது ஹெச்டிஎம்எல் என்று நினைப்பார்கள், உள்ளே டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு ஒரு வகுப்பே இதில் போயிருக்கிறது.

ஆற்றங்கரை:
எல்லாருக்கும் மிக்க நன்றி. நேற்று தாளும் பென்சிலும் கொடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண் அவள் பாட்டி போடும் ஊறுகாய் வகைகளை எழுதினாள், பதினோரு வகை. எது தலைப்பு என்று பக்கத்துப் பையனோடு ஒரே வாக்குவாதம், பாட்டி பேரா ஊறுகாயா என்று. கடைசியில் பாட்டி பேரை ஹெச்1 ஆக்கிவிட்டாள். அடுத்த வாரம் பெட்டிக் கணக்கு. ஒரு சந்தேகம், போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் 4 எம்பி இருக்கிறது, அப்படியே போடலாமா, சுருக்கணுமா?

மழைக்கால்:
சுருக்குங்கள். பக்கத்தில் 800 பிக்சல் அகலத்துக்குமேல் தெரியப்போவதில்லை என்றால் படமும் அதன் இரண்டு மடங்கான 1600-க்குமேல் வேண்டாம். கோப்பின் பேரை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் வைக்கச் சொல்லுங்கள். பேரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் பார்க்காது, இணையத்தில் பக்கத்தை வைத்திருக்கும் லினக்ஸ் சர்வர் பார்க்கும். பேர் ஒத்துப்போகாவிட்டால் நூலகத்தில் தெரிந்த படம் இணையத்தில் ஏற்றியதும் காணாமல் போகும்.