செஸ்னா 172இல் வானச் சாகசம்: பயிற்சியா, விபரீதமா?

கல்கிசை மாணவன்:
இரத்மலானையில் தனியார் விமானி உரிமத்துக்காகப் பயில்கிறேன். செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தை வானில் உருட்டினால், அதாவது பக்கவாட்டில் தலைகீழாகப் புரட்டி முழுச் சுற்றுச் சுழற்றினால், இறக்கை முறிந்துவிடும் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். ஆனால் சாகசத்துக்கென வடிவமைக்கப்படாத ஷ்ரைக் கொமாண்டர் விமானத்தை உருட்டிக்கொண்டே அமெரிக்க விமானி பொப் ஹூவர் குவளையில் தேநீர் ஊற்றிக் காட்டினார். 1955இல் டெக்ஸ் ஜோன்ஸ்டன், சியாட்டிலின் வொஷிங்டன் ஏரிக்கு மேலே, போயிங்கின் ஜெட் பயணிகள் விமான முன்மாதிரியையே உருட்டினார். திருகுபோல் வளைந்து முன்னேறியபடி சீராக உருளும் பரல் ரோலில் இறக்கை மீது விழும் சுமை மிகக் குறைவு. கட்டுப்பாட்டை இழப்பதால் நேரும் விபத்துகள் இத்தனை உயிர்களைப் பறிக்கும்போது, தலைகீழான தொடுவானத்தை ஒருமுறையேனும் கண்டிராத மாணவனைத் தனியே பறக்கவிடுவது எந்த வகையில் பாதுகாப்பு?

பராமரிப்புப் பொறியியலாளர்:
தம்பி, நீங்கள் குறிப்பிட்ட இருவரும் தேர்ந்த சோதனை விமானிகள். சீரான உருளலைப் பற்றி எனக்கும் மறுப்பில்லை. தவறிப்போகும் உருளலைப் பற்றியே பேசுகிறேன். சாதாரண வகைச் சான்றிதழ் பெற்ற 172இன் சுமை எல்லை மேல்நோக்கி 3.8 ஜி (அதாவது புவியீர்ப்பின் 3.8 மடங்கு), கீழ்நோக்கி 1.52 ஜி, சாகச வகைக்கு அவை 6, 3. பழகாத கை உருளலின் நடுவே தயங்கினால் மூக்கு தாழ்ந்துவிடும். அப்போது தலைகீழாகத் தொங்கும் மாணவன் பயத்தில் கட்டுப்பாட்டுப் பிடியைத் தன்பக்கம் இழுத்தால், விமானம் தரையை நோக்கிப் பாய்ந்து, 172 எஸ் ரகத்துக்கு ஒருபோதும் மீறக்கூடாதென்று குறிக்கப்பட்ட 163 நொட் (மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர்) வேகத்தை விரைவிலேயே தாண்டிவிடும். அதிலிருந்து மீள்வதற்காக இழுக்கும் இழுப்பே இறக்கையை முறிக்கக்கூடியது. சுழன்றபடியே இழுத்தால் ஒரு பக்க இறக்கை மற்றதைவிடக் கூடுதல் சுமையை ஏற்பதால், தாங்கும் எல்லை மேலும் குறுகிவிடுகிறது.

கல்கிசை மாணவன்:
அதற்காகத்தானே கையாளும் வேகம் என்று ஒன்றை வகுத்திருக்கிறார்கள்? முழு எடையில் 105 நொட்டுக்குக் கீழே இருந்தால், எல்லையை மீறுமுன் இறக்கை ஏற்றவிசையை இழந்துவிடுமே. போதாக்குறைக்கு, எல்லைச் சுமைக்கு மேல் ஒன்றரை மடங்கு வலிமையும் கொடுக்கப்பட்டிருக்கிறது.

பராமரிப்புப் பொறியியலாளர்:
இந்த இரண்டு நம்பிக்கைகளும்தான் என்னை அச்சுறுத்துகின்றன. கையாளும் வேகம் தரும் காப்பு, ஒரே அச்சில் ஒரே முறை செலுத்தும் முழு அசைவுக்கு மட்டுமே உரியது. 2001 நவம்பரில் நியூயோர்க்கில் விழுந்த அமெரிக்கன் எயார்லைன்ஸ் 587 விமானம் அந்த வேகத்துக்குக் கீழேதான் பறந்துகொண்டிருந்தது. சுக்கானை மாறி மாறி மிதித்ததில் அதன் செங்குத்து வால் கழன்று 265 பேர் இறந்தார்கள். அது பெரிய ஏர்பஸ் என்றாலும் விதி ஒன்றே. மேலும், 3.8 ஜியைத் தாண்டிய கணத்திலிருந்து சட்டகம் நிரந்தரமாக வளைந்துபோகலாம். ஒன்றரை மடங்கு என்பது உடனே முறியாது என்ற உறுதி மட்டுமே, பழுதடையாது என்ற உறுதியன்று.

பம்பலப்பிட்டி வாசகி:
என் மகளும் இரத்மலானையில் பயில்கிறாள் என்பதால் கேட்கிறேன். ஒருவர் அப்படி வளைத்துவிட்டுத் தரையிறங்கினால், அடுத்து ஏறுகிறவருக்கு அது தெரியவருமா?

பராமரிப்புப் பொறியியலாளர்:
பெரும்பாலும் தெரியவராது, அம்மா. சாதாரணப் பயிற்சி விமானங்களில் சுமையை அளந்து காட்டும் ஜி மானி பொருத்தப்படுவதில்லை. தோல் தகடு சுருங்கியிருந்தாலோ ரிவெட் தளர்ந்திருந்தாலோ கூர்ந்து பார்ப்பவர் கண்டுபிடிக்கலாம். உள்ளே இறக்கையைத் தாங்கும் ஸ்பார் என்ற முதன்மைச் சட்டத்தில் விழுந்த விரிசலை வெளியிலிருந்து காண முடியாது. செய்தவர் பதிவேட்டில் எழுதினால்தான் நாங்கள் பிரித்துச் சோதிப்போம். திருட்டுத்தனமாக உருட்டியவர் அதை எழுத மாட்டார். தன் உயிரைப் பணயம் வைப்பதாக அவர் நினைக்கிறார். உண்மையில் உங்கள் மகளின் உயிரையும் சேர்த்தே வைக்கிறார். இதைச் சினத்தோடுதான் எழுதுகிறேன்.

கல்கிசை மாணவன்:
அம்மாவின் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. 172இல் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். பயிற்சியே வேண்டாம் என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். அதே செஸ்னா நிறுவனத்தின் 152 விமானத்தில், சாகசத்துக்கான ஏரோபாட் ரகம் 6 ஜி வரை தாங்கும். அவசரத்தில் கழற்றிவிடக்கூடிய கதவுகளும் அதற்கு உண்டு. பரசூட் அணிந்து, போதிய உயரத்தில், தகுதி பெற்ற பயிற்சியாளருடன் அதில் கற்பிக்கலாமே?

பராமரிப்புப் பொறியியலாளர்:
அந்தக் கோரிக்கையில் நானும் கையொப்பமிடுவேன். ஆனால் ஏரோபாட்டிலும் எரிபொருள் புவியீர்ப்பால்தான் இறங்குகிறது. தலைகீழாக நீடித்துப் பறக்க அதற்கும் அனுமதியில்லை. கையேட்டின் எல்லைகள் என்ற அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு வாருங்கள், அடுத்ததைப் பேசுவோம்.