டீசல் டேங்குக்கு அடியில் தீ மூட்டினார்களா? பழைய டிரெய்லர் ஓட்டுநர்கள் சொல்லுங்கள்

கேள்வி:
அப்பா 1980களில் குவைத்தில் இருந்துகொண்டு டிரெய்லர் ஓட்டியவர். ஈராக், துருக்கி என்று போய்விட்டு வர மாதக்கணக்கில் ஆகும். வீட்டில் அதிகம் பேசமாட்டார், இப்போது கேட்கவும் வழியில்லை. அவர் பெட்டியில் வெள்ளை எழுத்தில் டி.ஐ.ஆர். என்று போட்ட நீலத் தகடு ஒன்று கிடைத்தது. அது என்ன? ஒரு தடவை குளிரில் டேங்குக்கு அடியில் தீ மூட்டி வண்டியைக் கிளப்பினோம் என்றார், நான் கதை விடுகிறார் என்று நினைத்துவிட்டேன்.

பதில் 1:
கதை இல்லை தம்பி. டீசலில் இருக்கும் மெழுகு கடுங்குளிரில் உறைந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். துருக்கியில் போலு மலை ஏறும்போது எனக்கு நடந்தது, எர்சுரூம் தாண்டி ஈரான் பக்கம் தாஹிர் கணவாய் வழியாகப் போனவர்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள். பழைய டப்பாவில் மண்ணைப் போட்டு டீசல் ஊற்றிக் கொளுத்தி டேங்குக்கு அடியில் தள்ளுவோம். கொஞ்சம் மண்ணெண்ணெய் கலப்பதும் உண்டு. ராத்திரி முழுக்க எஞ்சினை அணைக்காமல் விட்டவன் புத்திசாலி, ஆனால் டீசல் கணக்கு கேட்கும் முதலாளியிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்!

பதில் 2:
அந்தத் தகடு வண்டிக்கு முன்னும் பின்னும் மாட்டுவது. பிரெஞ்சில் சர்வதேச சாலைப் போக்குவரத்து என்பதன் சுருக்கம். சரக்கு ஏற்றிய இடத்திலேயே சுங்கம் சீல் வைத்துவிடும், தார்ப்பாய் வளையங்களுக்குள் ஒரே கயிறு ஓடி அதன் நுனியில் சீல் இருக்கும். கூடவே கார்னே என்று ஒரு புத்தகம். ஒவ்வொரு நாட்டிலும் நுழையும்போது ஒரு தாள், வெளியேறும்போது ஒரு தாள் கிழித்துக்கொள்வார்கள். வழியில் யாரும் சரக்கைப் பிரிக்க வேண்டியதில்லை, ஏட்டில் அப்படித்தான். ஒரு முத்திரை தெளிவாக விழவில்லை என்று என்னை 4 நாள் உட்காரவைத்தார்கள், ஒரு பாக்கெட் சிகரெட் கைமாறிய பிறகு அதே முத்திரை தெளிவாகிவிட்டது. வண்டி ஓட்டுவது பெரிய கஷ்டமே இல்லை, காத்திருப்பதுதான். வரிசை நகரும்போது தூங்கிவிட்டால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான். பக்கவாட்டுப் பெட்டியில் அடுப்பு, அரிசி, தண்ணீர் கேன் எல்லாம் இருக்கும், அங்கேயே சமையல், அங்கேயே குடித்தனம்.

பதில் 3:
தீ மூட்டியதை வீரம் மாதிரி எழுதாதீர்கள் அண்ணே. என் கண் முன்னால் ஒரு வண்டியின் தார்ப்பாய் பற்றிக்கொண்டது. ஏர் பிரேக் குழாயில் தண்ணீர் உறைந்து வண்டி அசையாமல் நின்றதும் உண்டு, அதற்கு ஸ்பிரிட் ஊற்றிப் பார்த்தோம். நான் பெரும்பாலும் டேப்லைன் ரோடு. சவுதியிலிருந்து லெபனானின் சிடோன் வரை எண்ணெய் கொண்டுபோன குழாய், 1950ல் ஓடத் தொடங்கியது, அதை ஒட்டியே அந்தச் சாலை. கைசூமா, ரஃப்ஹா, துரைஃப் எல்லாம் அந்தப் பம்பிங் நிலையங்களைச் சுற்றி வளர்ந்த ஊர்கள். வளைவே கிடையாது, அதனால்தான் தூக்கம் வரும். ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் ஒட்டகத்தின் கால்கள் மட்டும் தெரியும், உடம்பு தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

அப்புறம் தம்பி, 1980ல் ஈரான், ஈராக் போர் தொடங்கியதும் பஸ்ரா துறைமுகம் முடங்கியது. ஈராக் சரக்கெல்லாம் ஜோர்டானின் அகபா துறைமுகம், குவைத், துருக்கி வழிதான். அப்பாவின் பழைய பாஸ்போர்ட் இருந்தால் ஹபூர் என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள், துருக்கி, ஈராக் எல்லை அதுதான்.

கேட்டவர்:
பார்த்தேன் ஐயா. ஹபூர் 3 முறை இருக்கிறது. மூன்றும் ஜனவரி, பிப்ரவரி.