கீமோ முடிந்த பின்னும் மறதி: டமாக்சிஃபென் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி (கணித ஆசிரியை, மதுரை):

எனக்கு வயது 44. மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, இப்போது நோய் திரும்பாமல் இருப்பதற்கான டமாக்சிஃபென் என்னும் ஹார்மோன் சிகிச்சை மாத்திரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போது மாணவி ஒருத்தி ஐயம் கேட்டுவிட்டால், விட்ட இடத்தை என்னால் மீண்டும் பிடிக்க முடிவதில்லை. நன்கு பழகிய சொற்கள் கூட நாக்கு நுனி வரை வந்து நின்றுவிடுகின்றன. வீட்டில் இதைக் கவலையால் வருவது என்கிறார்கள். மருத்துவமனையில் நினைவாற்றலுக்கான சிறு சோதனை ஒன்றை வைத்துவிட்டு, மதிப்பெண் நன்றாக இருப்பதாகக் கூறி அனுப்பிவிட்டார்கள். இது சிகிச்சையின் விளைவுதானா? மாத்திரையை நிறுத்தினால் பழைய தெளிவு திரும்புமா?

பதில் (வங்கி ஊழியர், கோவை):

சகோதரி, இது உங்கள் கற்பனை அன்று. சிகிச்சைக்குப் பின் நான் பணிக்குத் திரும்பியபோது, ஒரு கணக்கு எண்ணைப் படித்துவிட்டு அடுத்த திரைக்குப் போவதற்குள் அது மறந்துவிடும். கூர்மையான கவனம் வேண்டிய வேலைகளைக் காலையிலேயே முடிப்பது, ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் செய்வது என்று மாற்றிக்கொண்டேன். அது பெரிதும் உதவியது. ஐயம் கேட்கும் மாணவிக்குப் பதில் சொல்லும் முன், அடுத்து எழுத வேண்டிய வரியின் தொடக்கத்தைப் பலகையின் ஓரத்தில் குறித்துவிடுங்கள். பத்தாம் வகுப்பை முதல் பாடவேளைக்கு மாற்றித் தர முடியுமா என்றும் தலைமையாசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பதில் (புற்றுநோய் மருத்துவர்):

அம்மா, தயவுசெய்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஹார்மோன் ஏற்பி உள்ள, அதாவது ஹார்மோனின் தூண்டுதலால் வளரும், கட்டிகளுக்கு இம்மாத்திரையை 5 ஆண்டுகள் உட்கொண்ட பெண்களிடம், அடுத்து வந்த ஆண்டுகளையும் சேர்த்து 15 ஆண்டுக் காலத்தில், மார்பகப் புற்றுநோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

உங்கள் அனுபவம் ஆய்வுகளில் பதிவான ஒன்றுதான். அமெரிக்காவில் 581 நோயாளிகளையும் புற்றுநோய் இல்லாத 364 பெண்களையும் ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வில், கீமோ முடிந்து ஆறு மாதங்களுக்குப் பிறகும், நோயாளிகளில் 36.5 விழுக்காட்டினர் சிந்தனைத் திறன் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாகக் கூறினார்கள்; மற்றப் பெண்களில் அவ்வாறு கூறியவர்கள் 13.6 விழுக்காட்டினரே. பலருக்கு இது மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது, சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. உங்களுக்குச் செய்த சிறு சோதனை பெரும்பாலும் முதியோரின் மறதி நோயைக் கண்டறிவதற்காக உருவானது என்பதால், இத்தகைய நுட்பமான குறைபாடு அதில் தப்பிவிடக்கூடும். நரம்பியல் உளவியலாளர் செய்யும் விரிவான பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.

கீமோ ஒன்றையே காரணமாகக் கொள்வதும் சரியாகாது. கீமோ தொடங்கும் முன்பே சிலரிடம் இக்குறை காணப்பட்டிருக்கிறது. சிகிச்சையால் மாதவிடாய் திடீரென நின்றுபோவது, இரவில் உடல் வெப்பமேறித் தூக்கம் கெடுவது, இரத்தசோகை, தைராய்டு அல்லது பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை ஆகிய ஒவ்வொன்றும் நினைவைத் தளர்த்தும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும் என்பதால் முதலில் இவற்றையே பார்க்க வேண்டும். டமாக்சிஃபெனுக்கும் இதில் பங்கு இருக்கலாம்: எக்ஸிமெஸ்டேன் என்னும் மற்றொரு ஹார்மோன் சிகிச்சை மருந்துடன் ஒப்பிட்ட ஓர் ஆய்வில், டமாக்சிஃபென் எடுத்தவர்களுக்குச் சொற்களை நினைவில் வைப்பது புற்றுநோய் இல்லாத பெண்களைவிடச் சற்றுக் குறைந்திருந்தது; எக்ஸிமெஸ்டேன் எடுத்தவர்களிடம் அத்தகைய குறைவு தெரியவில்லை. மாற்று மருந்து உங்களுக்குப் பொருந்துமா என்பது மாதவிடாயின் நிலையைப் பொறுத்தது. அதை உங்கள் மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். மனச்சோர்வுக்கு மருந்து எழுதும் மருத்துவரிடம் டமாக்சிஃபென் எடுப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், ஏனெனில் பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின் போன்றவை அது உடலில் செயல்வடிவம் பெறுவதைத் தடுக்கின்றன.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி, ஐயா. என் மாமியார் வல்லாரைக் கீரையைத் தினமும் சமைத்துத் தருகிறார். வல்லாரை மாத்திரையும் வாங்கலாமா?

பதில் (புற்றுநோய் மருத்துவர்):

கீரையைக் குழம்பிலோ துவையலிலோ அளவாகச் சேர்ப்பதில் தவறில்லை. செறிவூட்டிய மாத்திரையை உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நினைவாற்றலுக்குப் பெயர்பெற்ற ஜின்கோ என்னும் மூலிகையைக் கீமோ பெற்ற பெண்களிடம் முறைப்படி சோதித்தபோது பயன் தெரியவில்லை. நாள்தோறும் நடைப்பயிற்சி, ஒழுங்கான தூக்கம், நினைவுப் பயிற்சி ஆகியவற்றுக்கே இன்று கூடுதல் ஆதரவு இருக்கிறது. ஆனால் கடுமையான தலைவலி, வாந்தி, வலிப்பு, கை கால் தளர்ச்சி, திடீர்க் குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால், அதை இந்த மறதியோடு சேர்த்து எண்ணிக் காத்திராமல், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.