மொட்டைமாடியில் கிடா, எதிர்வீட்டில் அழைப்பு: என்ன செய்வது?

மாடிப்படி (காசாபிளாங்கா), 14 ஜூன் 2024

மொராக்கோவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. திங்கட்கிழமை இங்கே ஹஜ்ஜுப் பெருநாள் (பக்ரீத்). நேற்று மாலை லிஃப்ட் கதவு திறந்தால் உள்ளே எதிர்வீட்டு ஹாஜ்ஜாவின் (வயதான பெண்மணியை இங்கே மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள்) மகனும் ஒரு செம்மறிக் கிடாவும் நிற்கிறார்கள். கிடா கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "நீங்கள் போங்கள்" என்று சைகை காட்டிவிட்டு நான்கு மாடியும் படியேறி வந்தேன்.

இப்போது அது எங்கள் தலைக்கு மேலே, மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயில் கட்டப்பட்டிருக்கிறது. இரவெல்லாம் கத்துகிறது, பக்கத்துக் கட்டடத்து ஆடு பதில் கொடுக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. என் ஆறு வயது மகள் பள்ளி விட்டதும் கேரட் தோலை அள்ளிக்கொண்டு மேலே ஓடுகிறாள். வெள்ளை உடம்பு, கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் மட்டும் கறுப்பு. 'கண்மை' என்று பெயரும் வைத்துவிட்டாள்.

ஹாஜ்ஜா எங்களைத் திங்கட்கிழமை வீட்டுக்கு அழைத்திருக்கிறார். நானும் மகளும் சைவம். கணவர் எதையும் சாப்பிடுவார், அவரைப் பற்றிக் கவலை இல்லை. பேசாமல் இரண்டு நாள் ஏதாவது ஹோட்டலுக்குப் போய்விடலாமா? குழந்தையிடம் என்ன சொல்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ரபாத்வாசி, 14 ஜூன் 2024

ஹோட்டலுக்குப் போகாதீர்கள் அம்மா. போய்ப் பட்டவன் சொல்கிறேன்.

நான் ரபாத்தில் ஒன்பது வருடம் இருந்தவன். முதல் வருடம் உங்களைப் போலத்தான் கலங்கிப்போய், கடற்கரைப் பக்கம் அறை எடுத்தேன். பெருநாள் அன்று வரவேற்பில் ஒரே ஒரு பையன். சமையல்காரர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். வெளியே ஒரு கடை திறக்கவில்லை. பிஸ்கட்டும் வாழைப்பழமுமாக இரண்டு நாளை ஓட்டினேன். அதை மறந்துவிடலாம். திரும்பி வந்தபோது என் வீட்டுக் கதவடியில் ஒரு தட்டு, மேலே பூப்போட்ட துணி. விலக்கினால் எறும்பு மொய்த்த இறைச்சி. கீழ்வீட்டுக்காரர் முதல் நாளே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தட்டைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது "ஊரில் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வருடம் தட்டு வரவில்லை. அதற்கடுத்த வருடம் நானே போய்க் கதவைத் தட்டினேன்.

உங்கள் மகளின் கண்மை 'சர்தி' இனம். காசாபிளாங்காவுக்குத் தெற்கே செத்தாத் பக்கத்துச் சமவெளி ஆடு. அந்தக் கண் கறுப்புக்குத்தான் இங்கே மதிப்பும் விலையும். ஹாஜ்ஜாவின் மகன் சில ஆயிரம் திர்ஹாம் கொடுத்திருப்பார். எத்தனையோ குடும்பங்களுக்கு அது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே. கடன் வாங்கி ஆடு வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வாங்கியதில் உங்களுக்கும் ஒரு பங்கு என்று ஒருவர் அழைத்தால், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காரக் கூடாது. இது என் அபிப்பிராயம்.

அன்றைய நடப்பைச் சொல்கிறேன், அதிலேயே உங்களுக்கு வழி கிடைக்கும். காலையில் தொழுகை. அது முடிந்ததும் பல வீடுகளில் தொலைக்காட்சி முன்னால் காத்திருப்பார்கள். மன்னர் முதலில் அறுப்பதைக் காட்டுவார்கள். பிறகுதான் தெருவில் கத்தி எடுப்பார்கள். அடுத்த ஒரு மணி நேரம் மாடிக்குப் போகவேண்டாம். ஜன்னலையும் சாத்திக்கொள்ளலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மொராக்கோக்காரர்களிலேயே அந்த நேரத்தில் உள்ளறையில் இருப்பவர்கள் உண்டு. நீங்கள் போகவேண்டியது ஈரல் நேரத்துக்கு. ஈரலைச் சுட்டு, துண்டு போட்டு, குடலைச் சுற்றியிருக்கும் வலை போன்ற கொழுப்பில் சுருட்டிக் கம்பியில் கோத்துக் கரியில் வாட்டுவார்கள். 'புல்ஃபாஃப்' என்று பெயர். கூடவே புதினாத் தேநீர். முதல் நாள் ஈரலும் குடலும்தான். இறைச்சியை ஒரு இரவு தொங்கவிட்டு மறுநாள்தான் வெட்டுவார்கள்.

நீங்கள் சைவம் என்பதை இன்றே சொல்லிவிடுங்கள். "மா கனாகுல்ஷ் லஹம்", இறைச்சி சாப்பிடமாட்டேன். மூன்று முறை சொல்லவேண்டி வரும், ஏனென்றால் முதல் இரண்டு முறை நம்பமாட்டார்கள். பெருநாள் காலையில் பல வீடுகளில் 'ஹெர்பெல்' இருக்கும். உமி நீக்கிய கோதுமையைப் பாலில் குழைய வேகவைத்த கஞ்சி. அது கிடைத்தால் நீங்கள் பிழைத்தீர்கள். போகும்போது பழமோ, நீலத்தாள் சுற்றிய கூம்புச் சர்க்கரையோ கொண்டுபோங்கள். "அவாஷிர் மப்ரூக்கா" என்று பெருநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டே நுழையுங்கள், பாதி வேலை முடிந்தது.

ரொட்டி, காய்கறி, பால் எல்லாம் ஞாயிறு மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள். பிறகு நாலைந்து நாள் பேக்கரிக்காரரைத் தேடிப் பயனில்லை. டாக்சியும் அரிது. திங்கள் மத்தியானம் தெருமுனையில் பையன்கள் பழைய கட்டில் கம்பிகளை நெருப்பின் மேல் பரப்பி ஆட்டுத் தலைகளையும் கால்களையும் சுட்டுக்கொண்டிருப்பார்கள். தலைக்கு இவ்வளவு என்று கூலி. மகளோடு அந்தப் பக்கம் போகாதீர்கள். எனக்கே முதல் முறை வயிற்றைப் புரட்டியது, மயிர் கருகும் அந்த நாற்றம்.

குழந்தையிடம் இன்றே உண்மையைச் சொல்லுங்கள். "ஆடு ஊருக்குப் போய்விட்டது" என்ற கதை வேண்டாம். செவ்வாய்க்கிழமை அவள் மாடிக்குப் போகத்தான் போகிறாள்.

பிறைநிலா (டான்ஜியர்), 15 ஜூன் 2024

ரபாத்வாசி ஐயா சொன்னதற்குச் சின்னச் சேர்க்கை. நான் முஸ்லிம், ஐந்து வருடமாக இங்கே இருக்கிறேன். இங்கே எல்லாரும் மாலிகி மத்ஹப், அதாவது இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று. அதன்படி இமாம் குர்பானி (பலி) கொடுத்த பிறகே மற்றவர்கள் கொடுக்கவேண்டும். இங்கே மன்னரே மார்க்கத் தலைவரும் என்பதால், மன்னருக்காகக் காத்திருப்பதன் காரணம் அதுதான், வெறும் மரியாதை இல்லை. குர்பானி கடமை இல்லை, வசதி உள்ளவர்களுக்கு வலியுறுத்தப்பட்ட சுன்னத் (நபிவழி). கடன் வாங்கி ஆடு வாங்குவதை மார்க்கம் கேட்கவில்லை. அக்கம்பக்கத்துக் கண்கள் கேட்கின்றன.

சகோதரி, குழந்தையிடம் இதையும் சொல்லலாம்: ஆட்டின் கண்ணெதிரே கத்தியைத் தீட்டக் கூடாது, ஓர் ஆட்டின் முன்னால் இன்னோர் ஆட்டை அறுக்கக் கூடாது, தண்ணீர் காட்டாமல் அறுக்கக் கூடாது என்றெல்லாம் எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். நோயுற்றது, நொண்டி, குருடு ஆகாது. அதனால்தான் அதற்கு இத்தனை கவனிப்பு.

இறைச்சியை உறவுக்கும் ஏழைக்கும் அண்டைவீட்டாருக்கும் கொடுப்பார்கள். அண்டைவீட்டார் எந்த மதம் என்று பார்ப்பதில்லை. விற்கக் கூடாது. அறுப்பவருக்குத் தோலையோ இறைச்சியையோ கூலியாகக் கொடுக்கக் கூடாது, பணம்தான். உங்களுக்குப் பச்சை இறைச்சி வந்தால் கட்டடக் காவலாளிக்குத் தாராளமாகக் கொடுத்துவிடலாம். சில பாட்டிமார் அறுத்த இடத்தில் உப்பைத் தூவுவார்கள், ஜின் அண்டாதிருக்க. அது ஊர் வழக்கம், மார்க்கத்தில் இல்லை. ஆனால் போய்த் திருத்திவிடாதீர்கள். நான் ஒருமுறை திருத்தினேன். மாமியார் பாதி நாள் என்னோடு பேசவில்லை.

தெற்கத்திக்காற்று (அகாதிர்), 15 ஜூன் 2024

பெருநாளுக்கு மறுநாள் எங்கள் பக்கம் வரவேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன், அதாவது சின்னக் குழந்தையோடு. ஆட்டுத் தோல்களைப் போர்த்திக்கொண்டு இளைஞர்கள் தெருவில் ஆடுவார்கள். 'பூஜ்லூத்' என்பார்கள். ஆட்டுக் காலால் தட்டுவார்கள், நல்லதாம். நான்கு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் ஓடுகிறேன்.

மாடிப்படி, 20 ஜூன் 2024

எல்லாருக்கும் நன்றி. போனோம்.

சனிக்கிழமையே மகளிடம் சொன்னேன். அழுதாள். பிறகு "வலிக்குமா?" என்று கேட்டாள். பிறைநிலா எழுதியிருந்ததைச் சொன்னேன், கத்தியைக் காட்டமாட்டார்கள் என்று. வலிக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞாயிறு மாலை அவள் இருந்த கேரட் முழுவதையும் மேலே கொண்டுபோனாள். தோல் இல்லை, முழுக் கேரட்டுகள். அன்று சாம்பாருக்குக் கேரட் இல்லை.

திங்கள் பதினொரு மணிக்கு மேல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினோம். ஹாஜ்ஜா வெள்ளை ஜெல்லாபா அங்கியில், கையில் சாம்பிராணிப் புகையோடு வந்தார். மூன்று முறை சொன்னேன், ஐயா சொன்னது போலவே. மூன்றாவது முறை என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, "பாவம், உடம்புக்கு என்ன?" என்று மகன் மூலம் கேட்டார். ஹெர்பெல் இருந்தது. வெண்ணெயும் தேனும் மேலே மிதக்க, நம் கோதுமைப் பாயசத்தின் அக்கா போல. மகள் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். கணவரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஏழு கம்பி வரை எண்ணினேன்.

செவ்வாய் காலை அவள் மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். தரையைப் பிளீச்சிங் போட்டுக் கழுவியிருந்தார்கள். குழாயில் கயிறு மட்டும் கிடந்தது. மூலையில் காய்ந்த கேரட் தோல்கள். துடைப்பத்தை எடுத்து அவற்றைக் கூட்டித் தள்ளினாள், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று என் துவைத்த துணிகளைக் காயப்போடப் போனால், கொடியில் மசாலா தடவிய இறைச்சிக் கீற்றுகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஆஷூரா (முஹர்ரம் பத்தாம் நாள்) வரை வைத்துக்கொள்வார்களாம். என் புடவையைக் குளியலறையில் உலர்த்துகிறேன்.

மாடிப்படி, 9 ஜூன் 2025

ஒரு வருடம் கழித்து இதே இழையில் எழுதுகிறேன். இந்த முறை மாடியில் ஆடு இல்லை. வறட்சியில் கால்நடைகள் 2016 கணக்கெடுப்பைவிட 38 சதவீதம் குறைந்துவிட்டதாக அரசு சொன்னது. பிப்ரவரியில் மன்னர், இந்த வருடம் குர்பானி கொடுக்கவேண்டாம், மக்கள் சார்பில் தானே கொடுப்பதாகக் கடிதம் அனுப்பினார். அமைச்சர் தொலைக்காட்சியில் வாசித்தபோது ஹாஜ்ஜா எங்கள் வீட்டில்தான் இருந்தார். 1996இலும் பழைய மன்னர் இப்படித்தான் சொன்னார் என்றார். மகன் ரகசியமாகச் சொன்னான், செலவு மிச்சம் என்று. ஹாஜ்ஜாவுக்குக் காது கேட்கும் என்பதை மறந்துவிட்டான்.

ஆனால் ஈரல் இல்லாமல் பெருநாளா? பெருநாளுக்கு முன் இறைச்சிக் கடையில் ஈரலுக்கு வரிசை தெருவரை நின்றது. ஹாஜ்ஜா இரண்டு மணி நேரம் நின்று வாங்கிவந்தார். சனிக்கிழமை மாடியில் கரி மூட்டினார்கள், நாங்கள் எல்லாரும் போனோம். எனக்கு ஹெர்பெல், கேட்காமலேயே வந்தது. மகளுக்கு இப்போது ஏழு வயது. குழாயைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருடம் கண்மை வருமா?" என்று ஹாஜ்ஜாவிடம் நேரே தாரிஜாவில் (மொராக்கோ அரபு) கேட்டாள். "இன்ஷா அல்லாஹ்" என்றார் அவர்.

வந்தால் நான் படியிலேயே ஏறிக்கொள்கிறேன்.